டான்சிங் பிரேவ் இழந்த மூன்று பவுண்டுகள்

2013 ஜனவரியில் உலகப் பந்தயக் குதிரைகளின் அதிகாரபூர்வத் தரவரிசை வெளியானபோது, 1986-இல் ஓடி ஓய்ந்த ஒரு குதிரை மூன்று பவுண்டுகளை இழந்தது. அதன் பெயர் டான்சிங் பிரேவ். அது இறந்தே பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. தனக்குரிய 141 என்ற தரப்புள்ளியோடு இருபத்தாறு ஆண்டுகள் பட்டியலின் உச்சியில் இருந்த அக்குதிரைக்கு அன்று 138 என்ற புதிய எண் வழங்கப்பட்டது. அதே நாளில், மூன்று மாதங்களுக்கு முன் ஓய்வு பெற்றிருந்த ஃபிராங்கெல் என்ற குதிரைக்கு 140 வழங்கப்பட்டு, அப்பட்டியல் தொடங்கிய 1977 முதலான காலத்தின் தலைசிறந்த குதிரையாக அது அறிவிக்கப்பட்டது. பழைய எண் மாறாதிருந்தால் ஃபிராங்கெல் இரண்டாம் இடத்தில்தான் நின்றிருக்கும்.

இரு குதிரைகளுக்கும் உரிமையாளர் ஒருவரே, சவூதி அரேபியாவின் காலித் அப்துல்லா. ஒரே வீட்டின் ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றொன்றில் வைத்தது போன்ற இந்த மாற்றத்தால் யாருக்கும் பொருளிழப்பு இல்லை. ஆயினும் கடந்தகாலத்தை அளவிடும் தொழிலில் இருக்கும் நம் போன்றோர் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஓய்வு பெற்ற ஒரு வீரனை முன்னோருடன் எவ்வாறு ஒப்பிடுவது என்ற பழைய விவாதத்துக்குள், ஒரு காலம் தன்னைப் பற்றி எழுதிவைத்த தீர்ப்பைப் பிற்காலம் எப்போது திருத்தலாம் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது.

முதலில் ஃபிராங்கெலின் வரலாறு. 2008 பிப்ரவரியில் பிறந்தது. தந்தை கலிலியோ, தாய் கைண்ட். அமெரிக்கப் பயிற்சியாளர் பாபி ஃபிராங்கெலின் நினைவாகப் பெயரிடப்பட்டு, நியூமார்க்கெட்டில் ஹென்றி செசிலின் பொறுப்பில் வளர்ந்தது. 2010 ஆகஸ்ட் முதல் 2012 அக்டோபர் வரை பதினான்கு முறை ஓடியது, பதினான்கிலும் வென்றது. ஒவ்வொரு முறையும் அதன்மேல் அமர்ந்தவர் டாம் குவீலி. 2011-இன் 2000 கினிஸ் ஓட்டத்தில் தொடக்கத்திலிருந்தே முன்னணியில் பாய்ந்து ஆறு குதிரை நீள இடைவெளியில் வென்றது. 2012 ஜூனில் அஸ்காட்டின் குயின் ஆன் ஓட்டத்தில் இடைவெளி பதினொரு நீளம். அந்த ஆண்டுகளில் செசில் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்; ஃபிராங்கெல் ஓய்வு பெற்ற எட்டு மாதங்களில் அவர் காலமானார். நேரில் கண்டவர்களின் நினைவில் இக்குதிரையின் புகழும் அம்மனிதரின் மெலிந்த உருவமும் பிரிக்க முடியாதபடி கலந்துவிட்டன. மதிப்பீட்டில் உணர்ச்சி கலக்கும் இடம் இது என்பதையும் குறித்துக்கொள்வோம்.

இனித் தரப்புள்ளி என்பது யாது? குதிரைகளின் திறன் வேறுபாட்டை அவை சுமக்கும் எடையால் சமன்செய்யலாம் என்ற எண்ணமே இதன் அடிப்படை. 140 புள்ளி பெற்ற குதிரை, 130 பெற்றதைவிடப் பத்துப் பவுண்டு கூடுதலாகச் சுமந்து ஓடினால், இரண்டும் ஒரே கணத்தில் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும். இவ்வகை மதிப்பீட்டை ஒரு கலையாக வளர்த்தவர்களில் தலையாயவர், 1855-இல் இங்கிலாந்தில் பொது எடை நிர்ணயிப்பாளராகப் பொறுப்பேற்ற அட்மிரல் ஹென்றி ரவுஸ். வயதுக்கேற்ற எடை அளவுகோல் அவருடைய உழைப்பில் உருப்பெற்றது.

அவர் காலத்து நிகழ்வொன்று இங்கே நினைக்கத்தக்கது. 1849-இன் டெர்பி வெற்றியாளர் ஃபிளையிங் டச்மேன். 1850-இன் டெர்பி வெற்றியாளர் வோல்டிஜர். 1850-இல் டான்காஸ்டரில் இளையது மூத்ததை வீழ்த்தியது. அதுவரை தோல்வியே காணாத ஃபிளையிங் டச்மேனின் ஆதரவாளர்கள் அதை ஏற்கவில்லை. 1851 மே மாதம் யார்க் களத்தில் இரண்டு மட்டும் மோதும் ஓட்டம் ஏற்பாடாயிற்று. எடையை வகுத்தவர் ரவுஸ்; ஐந்து வயதான ஃபிளையிங் டச்மேன், நான்கு வயதான வோல்டிஜரைவிட எட்டரைப் பவுண்டு கூடுதலாகச் சுமந்தது. மூத்தது ஒரு நீளத்தில் வென்றது. ஈராண்டு வெற்றியாளர்களைப் பற்றிய விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான தீர்வு வேண்டியதில்லை: இரண்டையும் ஒரே களத்தில் நிறுத்தினார்கள், ஓடச் செய்தார்கள்.

ஃபிராங்கெலுக்கும் டான்சிங் பிரேவுக்கும் அந்த வழி அடைபட்டது. கால் நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த குதிரைகளை இணைப்பது ஏட்டில் உள்ள எண்கள் மட்டுமே. அந்த எண்களோ, ஒவ்வொரு குதிரையும் தன் காலத்துப் பிற குதிரைகளிடமிருந்து எவ்வளவு விலகி நின்றது என்பதைச் சொல்கின்றன. இதை மறந்தால் விவாதம் முழுவதும் பிசகிவிடும்.

மறவாமல் இருந்ததற்கு எடுத்துக்காட்டு டைம்ஃபார்ம் நிறுவனம். கணித ஆசிரியராக இருந்த பில் புல், 1940-களின் பிற்பகுதியில் தொடங்கியது அது. அந்நிறுவனத்தின் ஏட்டில் நெடுங்காலம் முதலிடம் வகித்தது 1965-இல் டெர்பியையும் பாரிசின் ஆர்க் டி ட்ரியோம்ஃபையும் வென்ற பிரெஞ்சுக் குதிரை சீ-பேர்ட். அதன் புள்ளி 145. அடுத்து 144 புள்ளிகளுடன் பிரிகேடியர் ஜெரார்டும் டியூடர் மின்ஸ்ட்ரலும் நின்றன. இத்தாலியின் ரிபோவுக்கு 142. குயின் ஆன் வெற்றிக்குப் பின் ஃபிராங்கெலுக்கு 147 வழங்கப்பட்டது. முதலிடம் கைமாறியது; ஆனால் சீ-பேர்டின் 145 அப்படியே இருந்தது. புதியதை உயர்த்துவதற்காகப் பழையதைத் தொடவில்லை. 147 மிகையா, சரியா என்று இன்றும் ஒருவர் வாதிடலாம். வாதிடுவதற்கு வேண்டிய இரு எண்களும் ஏட்டில் உள்ளன.

அந்த 147-க்கு ஆதாரம் வலுவானதே. ஃபிராங்கெலிடம் தோற்றவை பிற களங்களில் என்ன செய்தன என்று பார்ப்பதே இங்கே நல்ல சோதனை. எக்ஸெலபிரேஷன் என்ற குதிரை அதனுடன் ஐந்து முறை மோதி ஐந்திலும் தோற்றது. ஃபிராங்கெல் இல்லாத களங்களில் 2012-இல் பிரான்சின் ஜாக் லெ மரோவாவையும் அஸ்காட்டின் குயின் எலிசபெத் ஓட்டத்தையும் வென்றது. ஃபிராங்கெலின் முதல் ஓட்டத்திலேயே அரை நீளத்தில் தோற்ற நதானியேல், 2011-இல் கிங் ஜார்ஜ் ஓட்டத்தையும் 2012-இல் எக்லிப்ஸ் ஓட்டத்தையும் வென்றது. கடைசி ஓட்டத்தில் ஃபிராங்கெல் ஒன்றே முக்கால் நீளத்தில் வீழ்த்திய சிரஸ் தெ சேகல், முந்தைய ஆண்டு அதே ஓட்டத்தின் வெற்றியாளர். பலவீனமான எதிரிகளை வென்று சேர்த்த புகழ் இது என்று எவரும் சொல்ல இயலாது.

ஆயினும் ஃபிராங்கெலிடம் கேட்கப்படாத கேள்விகள் சில உண்டு. அது ஓடிய மிக நீண்ட தூரம் ஒன்றேகால் மைலுக்குச் சற்று மேல். டெர்பியும் ஆர்க்கும் ஒன்றரை மைல். இரண்டிலும் அது ஓடவில்லை. பிரிட்டனுக்கு வெளியே ஓடவேயில்லை. இந்தக் கால் மைலைச் சிறு வேறுபாடு என்று தள்ளிவிட முடியாது. டியூடர் மின்ஸ்ட்ரல் 1947-இல் ஒரு மைல் தூரமுள்ள 2000 கினிஸை எட்டு நீளத்தில் வென்றுவிட்டு, டெர்பியில் பெரும் எதிர்பார்ப்போடு இறங்கி நான்காவதாக வந்தது. ஒரு மைலில் ஒப்பற்றதாக இருப்பது ஒன்றரை மைலுக்குச் சான்றாகாது என்பதை அந்த நாள் காட்டிற்று. ஃபிராங்கெலும் அவ்வாறே தோற்றிருக்கும் என்று இதற்குப் பொருளில்லை. தெரியாது என்பதுதான் பொருள்.

சீ-பேர்ட் அந்தக் கேள்விக்கு இரு நாடுகளில் விடை தந்தது. 1965-இன் ஆர்க் ஓட்டத்தில் அதன் எதிரே பிரெஞ்சு டெர்பி வெற்றியாளர் ரிலையன்ஸ், ஐரிஷ் டெர்பி வெற்றியாளர் மெடோ கோர்ட், அமெரிக்காவின் பிரீக்னெஸ் வெற்றியாளர் டாம் ரோல்ஃப், சோவியத் ஒன்றியத்தின் அனிலின் எனப் பல நாடுகளின் முதன்மைக் குதிரைகள் நின்றன. அது ஆறு நீளத்தில் வென்றது. ரிபோ பதினாறு முறை ஓடிப் பதினாறிலும் வென்றது. அவற்றுள் இரண்டு ஆர்க் வெற்றிகள், ஒரு கிங் ஜார்ஜ் வெற்றி.

பிரிகேடியர் ஜெரார்டின் நிலை இன்னும் நுட்பமானது. 1971-இன் 2000 கினிஸில் அது மூன்று நீளத்தில் வீழ்த்திய மில் ரீஃப், அதே ஆண்டில் டெர்பி, எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ், ஆர்க் ஆகியவற்றை வென்றது. அதன் பிறகு தோற்கவே இல்லை. தோற்றவரின் தகுதியால் வென்றவரை அளப்பதானால் இதற்கு ஈடான ஒற்றை வெற்றி ஃபிராங்கெலிடம் இல்லை. 1972-இல் ஒன்றரை மைல் கிங் ஜார்ஜையும் பிரிகேடியர் ஜெரார்ட் வென்றது. பதினெட்டு ஓட்டங்களில் பதினேழு வெற்றி. ஒரே தோல்வி, 1972 ஆகஸ்டில் யார்க் களத்தில் டெர்பி வெற்றியாளர் ராபர்ட்டோவிடம். சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து, பெயர் மாறியிருந்த அதே ஓட்டத்தை ஃபிராங்கெல் ஏழு நீளத்தில் வென்றது. இந்த இரு நாள்களை மட்டும் அடுத்தடுத்து வைத்தால் ஃபிராங்கெல் மேல். இரு வாழ்க்கைகளையும் முழுமையாக வைத்தால் தராசு அவ்வளவு எளிதாகச் சாயாது.

இப்போது 2013-இன் திருத்தத்துக்கு வருவோம். அதைச் செய்தவர்கள் துறையறிந்த எடை நிர்ணயிப்பாளர்கள். அவர்களிடம் காரணமும் இருந்தது. 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் வழங்கப்பட்ட புள்ளிகள், பிற்காலத்துப் புள்ளிகளைவிட ஒட்டுமொத்தமாக உயரத்தில் இருந்தன. அளவுகோல் காலப்போக்கில் நகர்ந்துவிட்டது என்று கொண்டு, பழைய ஆண்டுகளின் புள்ளிகளைக் குறைத்தார்கள். பின்னோக்கிச் செல்லச் செல்லக் குறைப்பு கூடியது. 1977, 1978 ஆர்க் வெற்றியாளர் அலெஜ்ட் 140-இலிருந்து 134-க்கும், 1981 டெர்பியைப் பத்து நீளத்தில் வென்ற ஷெர்கர் 140-இலிருந்து 136-க்கும் இறங்கின.

அளவுகோல் நகர்வது உண்மையில் நடக்கக்கூடியதே. தேர்வு மதிப்பெண்கள் ஆண்டுக்கு ஆண்டு தாராளமாவதை ஆசிரியர்கள் அறிவர். ஆனால் ஒரு காலத்தின் புள்ளிகள் உயர்ந்திருப்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு: ஒன்று, மதிப்பிட்டவர்கள் தாராளமாக இருந்தார்கள், மற்றது, குதிரைகள் சிறந்தவையாக இருந்தன. நார்தர்ன் டான்சரின் வழித்தோன்றல்களுக்காக அரபு நாட்டாரும் ஐரிஷ்காரரும் ஏலக்களங்களில் போட்டியிட்டு, உயர்ந்த இரத்தத்தை ஐரோப்பாவில் குவித்த காலம் அது. முதல் விளக்கத்தை ஏற்க வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறையின் உச்சமும் ஏறத்தாழச் சமமே என்று முன்னரே நம்ப வேண்டும். ஆனால் தலைமுறைகள் சமமா என்பதுதானே நாம் விடை தேடும் கேள்வி! விடையை அளவுகோலுக்குள் வைத்துவிட்டு, பிறகு அந்த அளவுகோலால் அளந்து விடை கண்டோம் என்பது சுற்றுவாதம்.

1986-இன் ஆர்க் ஓட்டத்தை மறுபடி ஆராய்ந்து, டான்சிங் பிரேவ் அன்று செய்தது நாம் நினைத்ததைவிடக் குறைவு என்று நிறுவியிருந்தால் அது வேறு செய்தி. அந்நாளில் அது கடைசித் திருப்பத்தில் பின்வரிசையில் இருந்து, நேர்ப்பாதையில் வெளிப்புறமாகப் பாய்ந்து, பிரெஞ்சு டெர்பி வெற்றியாளர் பெரிங்கை ஒன்றரை நீளத்தில் கடந்தது. எப்சம் டெர்பியில் தன்னை வீழ்த்திய ஷாராஸ்தானியையும் அன்று பின்தள்ளியது. இந்த ஓட்டத்தைப் பற்றிப் புதிய சான்று எதுவும் 2013-இல் கிடைக்கவில்லை. மாறியது ஆண்டுகளின் சராசரி பற்றிய கருத்து மட்டுமே.

இதற்கு நேர்மாறான திருத்தம் ஒன்று, ஏழு மாதங்களுக்கு முன், 2012 ஜூனில், அமெரிக்காவில் நடந்தது. 1973-இல் முக்கிரீடம் வென்ற செக்ரிடேரியட், கென்டக்கி டெர்பியிலும் பெல்மான்ட்டிலும் படைத்த நேரச் சாதனைகள் இன்றும் நிலைத்துள்ளன. இடையிலுள்ள பிரீக்னெஸ் ஓட்டத்தில் மட்டும் சிக்கல். மின்கடிகாரம் 1 நிமிடம் 55 விநாடி காட்டியது. களத்தின் அதிகாரபூர்வ நேரக்கணிப்பாளர் கையால் எடுத்த நேரம் 1 நிமிடம் 54 2/5 விநாடி. டெய்லி ரேசிங் ஃபார்ம் இதழின் கணிப்பாளர்கள் எடுத்தது 1 நிமிடம் 53 2/5 விநாடி. உரிமையாளர் பென்னி செனரி விடாது முறையிட்டார். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மேரிலாந்து பந்தய ஆணையம் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்தோரின் சாட்சியத்தைக் கேட்டு, நேரத்தை 1 நிமிடம் 53 விநாடி என்று மாற்றியது. சாதனை செக்ரிடேரியட்டின் கைக்கு வந்தது.

இரண்டுமே கடந்தகாலத்தைத் திருத்திய செயல்கள். இரண்டுமே பழம்புகழை மாற்றின. ஆனால் மேரிலாந்தில் திருத்தத்துக்கு அடிப்படையானது அந்த ஓட்டமே விட்டுச்சென்ற தடயம்: படச்சுருளில் குதிரை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் மறுபடி அளக்கலாம். தரவரிசையில் அடிப்படையானது பிற ஆண்டுகளில் பிற குதிரைகள் ஓடியதைப் பற்றிய ஒரு பொதுக் கருத்து. முதலாவது மூலச்சான்றிலிருந்து வந்த திருத்தம். இரண்டாவது, நிகழ்காலத்தின் அமர்விடத்திலிருந்து கடந்தகாலத்துக்கு அனுப்பப்பட்ட திருத்தம். நம் துறையில் முதலாவதைப் பதிப்புத் திருத்தம் என்போம். ஓலையில் உள்ளதைச் சரியாகப் படிப்பது அது. இரண்டாவது, பாடம் நம் இலக்கணத்துக்கு ஒத்துவரவில்லை என்று மாற்றி எழுதுவதற்கு நெருக்கமானது.

அப்படியானால் எண்களை விட்டுவிட்டுக் கடிகாரத்தை நம்பலாமே என்று கேட்கலாம். நேரம் களத்தின் ஈரத்தையும், வளைவையும், ஏற்ற இறக்கத்தையும், முன்னோடும் குதிரை வகுக்கும் வேகத்தையும் சார்ந்தது. ஒரே களம், ஒரே தூரம், ஒத்த தரை என்ற நிலையில்தான் அது பேசும். அமெரிக்காவின் தட்டையான மண்தரை நீள்வட்டங்களில் அதற்கு ஓரளவு பொருளுண்டு. எப்சமின் சரிவிலும் அஸ்காட்டின் புல்லிலும் அதன் குரல் மிகவும் தாழ்ந்தது.

பொருளாதார வரலாறு பயில்வோர் இதற்கு மறுப்புச் சொல்வர்: விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டை மாற்றுகிறோம், பழைய வரிசைகளைப் புதியதோடு இணைக்கிறோம், அதில் என்ன பிழை? பிழையில்லை. ஆனால் அங்கே பழைய வரிசை தன் அடிப்படை ஆண்டின் பெயரோடு ஏட்டில் நிற்கும். இணைப்புக் கெழு வெளிப்படையாக இருக்கும். எந்த ஆய்வாளரும் பின்னோக்கிச் சென்று மூல எண்ணை எடுக்கலாம். மேலும், குறியீட்டெண்ணை யாரும் வெற்றிக்கோப்பையாகத் தூக்கிப்பிடிப்பதில்லை. இங்கே திருத்தமும் முடிசூட்டலும் ஒரே நாளில், ஒரே அறிவிப்பில் நிகழ்ந்தன. நோக்கம் நேர்மையானதாகவே இருந்தாலும், அளவுகோலைத் திருத்துபவரும் பரிசளிப்பவரும் ஒருவராக இருந்து, இரண்டையும் ஒன்றாகச் செய்தால், அந்தப் பரிசின்மீது நிழல் விழுவது இயல்பு. ஃபிராங்கெலுக்கு இந்த நிழல் தேவைப்படவில்லை என்பதே வருத்தத்துக்குரியது.

பின்னர் நடந்ததும் படிப்பினை தருவது. 2022-இல் அமெரிக்காவின் ஃபிளைட்லைன் ஆறு ஓட்டங்களில் ஆறும் வென்று ஓய்வு பெற்றது. அவற்றுள் பசிபிக் கிளாசிக் ஓட்டத்தில் இடைவெளி பத்தொன்பதே கால் நீளம். உலகத் தரவரிசை அதற்கும் 140 வழங்கி ஃபிராங்கெலுக்குச் சமமாக்கியது. டைம்ஃபார்ம் 143 என்றது. ஆறே ஓட்டங்கள் பதினான்குக்கு ஈடாகுமா என்ற விவாதம் உடனே கிளம்பிற்று. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து, அந்நாளைய நிர்ணயிப்பாளர்கள் 2010-களின் புள்ளிகள் தாராளமானவை என்று கண்டு, ஃபிராங்கெலை 137-க்கு இறக்கினால் என்ன சொல்வோம்? 2013-இல் ஏற்றுக்கொண்ட தருக்கத்தை அன்று மறுக்க முடியாது.

என் முடிவு இது. தன் காலத்து ஒரு மைல், ஒன்றேகால் மைல் குதிரைகளை ஃபிராங்கெல் விஞ்சிய அளவுக்கு விஞ்சிய மற்றொன்றை நூல்களில் காண்பது அரிது. அதற்குரிய முதலிடம் நியாயமானது. பல தூரங்களில், பல நாடுகளில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை தந்த பெருமை ரிபோவுக்கும் சீ-பேர்டுக்கும் உரியது. இவ்விரண்டு பெருமைகளையும் ஒரே எண்ணாக்கிக் கூட்டிக் கழிக்க முடியாது. முடியும் என்று நம்பியதால்தான் டான்சிங் பிரேவின் மூன்று பவுண்டுகள் காணாமற்போயின.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்ட மக்கள்தொகையோ, பயிர் விளைச்சலோ, தேர்வு முடிவோ, எந்தப் பழைய அட்டவணையை எடுத்தாண்டாலும், திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் அக்காலத்தவர் எழுதிய எண்ணுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அவர்கள் பிழை செய்திருக்கலாம். ஆனால் 1986 அக்டோபர் மாலையில் லோன்ஷானின் புல்வெளியை நேரில் கண்டவர்கள் 141 என்று எழுதினார்கள் என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே. அதை அழிக்காமல் அதனோடு வாதிடுவதே நம் வேலை.